கழுத்து நெறில கேன்சர், ஆனா எங்க ஆரம்பிச்சதுனு தெரியலையாம். வைத்தியம் பாக்க முடியுமா?

உங்க மாமாவுக்கு கழுத்துல நெறி கட்டி, ஊசி டெஸ்ட்ல கேன்சர்னு வந்திருக்கு, வாய் தொண்டை எல்லாம் பாத்துட்டு ஆரம்ப இடம் தெரியலன்னு டாக்டர் சொல்லிட்டார், அப்போ வைத்தியமே கிடையாதானு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா இருக்குங்க. எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இதே வார்த்தைய கேட்டுட்டு மதுரைலேர்ந்து காரைக்குடி வர்ற வரைக்கும் பஸ்ல நானும் ஆத்தாவும் ஒரு வார்த்தை பேசிக்கல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அப்பச்சிக்கு அப்போ 58 வயசு, வெத்தலை பொகையிலை எதுவும் கிடையாது. வீட்டுக்கு சவரம் பண்ண வர்றவர்தான் முதல்ல கண்டுபிடிச்சார், "ஐயா, இடது தாடைக்குக் கீழ கத்தி ஏறி இறங்குது, டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னார். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. காட்டுன இடத்துல டிபின்னு சொல்லி, ஊசி டெஸ்ட் கூட எடுக்காம மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க, ஆறு வாரம் அதுலயே போச்சு. நம்ம நாட்டுல டிபி நெறி நிறைய இருக்கு, நினைச்சது தப்பில்ல, டெஸ்ட் எடுக்காம மாத்திரை குடுத்ததுதான் இன்னைக்கும் மனசு ஆறல. நாப்பது தாண்டினவங்களுக்கு வலியில்லாம ஒரு நெறி ரெண்டு மூணு வாரத்துல கரையலன்னா இஎன்டி டாக்டர்ட்ட போயிடணும்.

அப்புறம் எடுத்த முதல் ஊசில வெறும் மஞ்சத் தண்ணிதான் வந்துச்சு, நீர்க்கட்டின்னு ரிப்போர்ட். நாங்க சந்தோஷப்பட்டோம். மதுரை இஎன்டி டாக்டர் அத ஒத்துக்கல, இந்த வயசுல புதுசா வர்ற கழுத்து நீர்க்கட்டிய நம்பக்கூடாதும்மா, கேன்சர் நெறியும் உள்ள நீர் கோத்து இப்படி இருக்கும்னு சொல்லி, அல்ட்ராசவுண்ட்ல பாத்துக்கிட்டே கட்டியோட சுவர்லேர்ந்து மறுபடி எடுத்தார். ஸ்குவாமஸ் செல் கேன்சர்னு வந்துச்சு, வாய், தொண்டையோட உள்தோல்ல ஆரம்பிக்கிற வகை. சொந்தத்துல ஒருத்தர் பேசாம நெறிய அறுத்து எடுத்துடுங்கன்னார், டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டார், எடுத்த எடுப்புல அங்க கத்தி வச்சா பின்னால பண்ணுற முறையான ஆபரேஷன் சிக்கலாயிடுமாம்.

ஆரம்ப இடம் ஏன் தெரியலன்னா அது அவ்வளவு சின்னது. டான்சில்ல, நாக்கோட அடிவேர்ல எல்லாம் குழிகுழியா மடிப்பு இருக்கும், அதுக்குள்ள சில மில்லிமீட்டர்ல ஒளிஞ்சுக்கிட்டு கழுத்துக்கு பரவி அங்க பெருசா வளந்துடும். அதனால நெறிலேர்ந்து எடுத்த சதைலயே துப்பு தேடுறாங்க. பி16ங்கிற புரதம் பாசிட்டிவ்னா எச்பிவி வைரஸ் சம்பந்தப்பட்டது, பெரும்பாலும் டான்சில் இல்ல அடிநாக்கு. ஈபிவி வைரஸ் தெரிஞ்சா மூக்குக்குப் பின்னால தேடணும். நெறி காறையெலும்புக்கு மேல இருந்தா நுரையீரல், வயிறு வரைக்கும் பாக்கணும். அப்பச்சிக்கு பி16 பாசிட்டிவ். எச்பிவின்னதும் வீட்ல யாரும் யாரையும் சந்தேகமா பாக்காதீங்க, ரொம்ப சாதாரணமா பரவுற வைரஸ், எத்தனையோ வருஷம் முன்னாடி வந்திருக்கலாம், இந்த வகை வைத்தியத்துக்கு நல்லாவே கேக்கும்.

அடுத்து பெட் சிடி, அதாவது ஊசில மருந்து ஏத்தி, கேன்சர் இருக்குற இடத்த வெளிச்சமா காட்டுற ஸ்கேன். இத தொண்டைல சதை எடுக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், ஏன்னா சதை எடுத்த புண்ணும் ஸ்கேன்ல வெளிச்சமா தெரிஞ்சு குழப்பிடும். வெறும் வயித்துல போனோம், சுகர் பாத்துட்டு ஊசி போட்டாங்க, ஒரு மணி நேரம் பேசக்கூடாது, எதையும் மெல்லக்கூடாதுன்னாங்க, தாடைத் தசை வேலை செஞ்சா அதுவும் மருந்த இழுத்துக்குமாம். முகப்புல உக்காந்து போறவர் வர்றவர்ட்ட எல்லாம் பேசுற மனுஷன், கண்ண மூடிக்கிட்டு என் கைய மட்டும் புடிச்சுக்கிட்டே படுத்திருந்தார். ஸ்கேன்ல நெறி மட்டும்தான் பளிச்னு இருந்துச்சு. டான்சில் சாதாரணமாவே கொஞ்சம் மின்னும், அதுல பொடிசா ஒண்ணு இருந்தா தப்பிச்சுடும்.

அங்கயும் நிறுத்தல. மயக்கம் குடுத்து மூக்குக்குப் பின்னால, அடிநாக்கு, குரல்வளை எல்லாம் கேமரா வச்சுப் பாத்து, சும்மா ஒரு துணுக்கு எடுக்காம டான்சிலயே முழுசா எடுத்துட்டாங்க. லேப்ல மெல்லிசா சீவிப் பாத்தப்ப இடது டான்சில்ல ஆறு மில்லிமீட்டர்ல இருந்துச்சு. டான்சில்லயும் கிடைக்கலன்னா அடிநாக்குச் சதைய ரோபோ ஆபரேஷன்ல எடுத்துப் பாக்குற வசதியும் சில பெரிய ஆஸ்பத்திரில இருக்கு.

இடம் கிடைச்சதுல என்ன லாபம்னா, கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் குடுத்த கதிர்வீச்சு இடது பக்கத்தோட நின்னுச்சு. கிடைக்கலன்னா சந்தேகப்படுற இடத்துக்கெல்லாம் சேத்து குடுக்க வேண்டி வரும், எச்சில் வத்தும், விழுங்க கஷ்டம். ஆனாலும் கிடைக்காதவங்களுக்கும் கழுத்து ஆபரேஷன், கதிர்வீச்சு, தேவைப்பட்டா கீமோன்னு குணப்படுத்துற நோக்கத்தோடதான் வைத்தியம் பண்ணுறாங்க. அப்பச்சி இப்ப பக்கத்துல தண்ணி சொம்பு வச்சுக்கிட்டு கவுனி அரிசி சாப்பிடுறார், கொஞ்சம் நேரம் ஆகுது அவ்வளவுதான்.

கதிர்வீச்சுக்கு முன்னாடி பல் டாக்டர்ட்ட ஒருதடவை காட்டிடுங்க. லேப்லேர்ந்து கண்ணாடி ஸ்லைடு, சதைய பதிச்சு வச்ச மெழுகு பிளாக் ரெண்டையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, ஆஸ்பத்திரி மாறுனா அவங்க மறுபடி பாக்கணும்பாங்க. மாமாவுக்கு நெறி எந்தப் பக்கம், தாடைகிட்டயா கீழயா, பி16 பாத்தாங்களா, பெட் எடுத்தாச்சான்னு கமென்ட்ல போடுங்க, டாக்டர்ட்ட என்னென்ன கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதித் தர்றேன்.