ஜி.ஆர்.இ. கணக்குப் பயிற்சி: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: என் மகள் பி.இ. மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறாள். அமெரிக்காவில் எம்.எஸ். சேர ஜி.ஆர்.இ. எழுதப் போகிறாள். ஒரு கோச்சிங் சென்டரில் 2,000 கடினமான கணக்குகள், வீடியோ விளக்கம், குவான்ட் எனப்படும் கணிதப் பிரிவில் 165 மார்க் உத்தரவாதம், வராவிட்டால் பணம் வாபஸ் என்று சொல்லி 24,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்றே கட்டினால் 18,000-ஆம். தவணை வசதியும் உண்டு. கட்டலாமா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: இன்று கட்ட வேண்டாம், அம்மா. நல்ல வகுப்பாக இருந்தால் அடுத்த வாரமும் அது நல்ல வகுப்புதான்.

மகள் விண்ணப்பிக்கப் போகும் துறைகள் ஜி.ஆர்.இ. மார்க்கைக் கேட்கின்றனவா என்று முதலில் ஒவ்வொன்றின் இணையதளத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல துறைகள் அதைக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. தேர்வுக் கட்டணமே இருபதாயிரத்தைத் தாண்டுகிறது.

கேட்கிறார்கள் என்றால், தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கினால் பவர்பிரெப் என்ற முழு மாதிரித் தேர்வு இரண்டு இலவசமாகக் கிடைக்கும். கணிதப் பாடச் சுருக்கமும் அங்கேயே இலவசம். முதல் மாதிரித் தேர்வை இந்த வாரமே எழுதட்டும். இரண்டாவதைத் தேர்வு நெருங்கும்வரை தொட வேண்டாம்.

அவசியம் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட பிறகு குவான்டில் இரண்டே பகுதிகள்: 21 நிமிடத்தில் 12 கேள்வி, 26 நிமிடத்தில் 15 கேள்வி. முதல் பகுதியை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். முதல் 12-இல் நடுத்தரக் கணக்குகளைக் கோட்டை விடுகிறவருக்குக் கடினமான பகுதி வரப்போவதே இல்லை. அவருக்கு 2,000 கடினக் கணக்குகள் எதற்கு?

கடினம் என்று எதை விற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஜி.ஆர்.இ.யில் முக்கோணவியல் கிடையாது, நுண்கணிதம் கிடையாது. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு, அவ்வளவுதான். மாதிரித் தாளில் சைன், காஸ், தொகையீடு என்று வந்தால் வேறு ஏதோ நுழைவுத் தேர்வுக்கான தாளுக்கு அட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

உண்மையான கடினம் எப்படி இருக்கும் என்பதற்கு நானே அமைத்த ஒரு கணக்கு. ஒரு மிகை முழு எண்ணின் வர்க்கம் 360-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அந்த எண்ணை நிச்சயமாக வகுக்கும் மிகப் பெரிய முழு எண் எது?

திரையில் கால்குலேட்டர் உண்டு. அதில் 360-க்கு வர்க்கமூலம் பார்த்தால் 18.97 என்று வரும், ஒன்றுக்கும் உதவாது. 360 என்பது 2×2×2×3×3×5. ஒரு வர்க்கத்தில் பகாக் காரணிகள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். மூன்று 2 இருக்கிறது என்றால் நான்காவதும் இருந்தே ஆக வேண்டும். தனியாக நிற்கும் 5-க்கும் ஜோடி வேண்டும். ஆக வர்க்கம் 3,600-இன் மடங்கு, எண் 60-இன் மடங்கு. விடை 60. எல்லாமே பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் அந்த ஜோடி கண்ணில் பட வேண்டும்.

இதில் 30 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2, 3, 5 மூன்றையும் ஒருமுறை பெருக்கிவிடுவார்கள். நல்ல விளக்கம் அங்கே நின்று, 30-இன் வர்க்கம் 900, அது 360-ஆல் வகுபடாது என்று காட்டும். மோசமான விளக்கம் "விடை 60" என்று முடித்துவிடும். நீங்கள் பணம் கொடுப்பது இந்த விளக்கத்துக்குத்தான், கணக்குகளின் எண்ணிக்கைக்கு அல்ல. ஈ.டி.எஸ். தனியாக வெளியிடும் குவான்ட் பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது 150 கேள்விதான். அதைத் தப்பு நோட்டு வைத்து இரண்டு முறை போட்டவர், இரண்டாயிரத்தை மேய்ந்தவரைவிடத் தெளிவாக இருப்பார் என்பது என் உறுதியான கருத்து. அதன் பிறகும் ஏதாவது ஒரு பகுதி, நிகழ்தகவு என்று வைத்துக்கொள்வோம், பிடிபடவில்லை என்றால் அதற்கு மட்டும் வகுப்புத் தேடுங்கள். கட்டுவதற்கு முன் அவர்கள் விளக்கத்தில் மூன்றை மகளே படித்துப் பார்க்கட்டும்.

உத்தரவாதம் பற்றி. பணம் வாபஸ் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். இத்தனை சதவீத வருகை, எல்லா மாக் டெஸ்ட்டும் முடித்திருக்க வேண்டும், சொந்தச் செலவில் மறுபடி எழுத வேண்டும் என்றெல்லாம் இருக்கலாம். 'வாபஸ்' என்பது அதே வகுப்பில் மீண்டும் உட்காருவதாகவும் இருக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதிக மார்க் நிச்சயம் என்று பொய் வாக்குறுதி தருவது அதன்படி தவறு. ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும் விளம்பர நோட்டீஸும் கையில் இருக்கட்டும்.

தவணை என்றால் யாருக்குக் கட்டுகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். சென்டருக்கே இரண்டு மூன்று தடவையாகக் கட்டுவது வேறு, நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வேறு. இரண்டாவது வகையில் மகள் பாதியில் நின்றாலும் மாதா மாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: போன மாதத் தேர்வில் வந்த நிஜக் கேள்விகள் என்று டெலிகிராமில் 500 ரூபாய்க்கு பி.டி.எஃப். விற்கிறார்களே? (மாணவர், மதுரை)

பதில்: வாங்காதீர்கள். பழைய புத்தகங்களிலிருந்து சுட்டதாக இருந்தால் 500 ரூபாய் நஷ்டம். நிஜமாகவே கசிந்ததாக இருந்தால் இன்னும் பெரிய ஆபத்து, மார்க்கை ரத்து செய்ய ஈ.டி.எஸ்.ஸுக்கு அதிகாரம் உண்டு. 2002-இல் கேள்விகள் இணையத்தில் பரவியதால் சீனா, தைவான், தென் கொரியாவில் கணினித் தேர்வையே நிறுத்தி, காகிதத் தேர்வுக்குத் திரும்பினார்கள்.

கேள்வி: திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் பழைய ஜி.ஆர்.இ. புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பயன்படுமா? (மாணவி, சென்னை)

பதில்: கணக்குக்குத் தாராளமாகப் பயன்படும். 2011 ஆகஸ்டுக்கு முந்தைய பதிப்பு மட்டும் வேண்டாம். அப்போது மார்க் 200-இலிருந்து 800 வரை, கால்குலேட்டர் கிடையாது, கேள்வி வகைகளும் சில வேறு. அதற்குப் பிந்தையது என்றால் கணக்கு வகைகள் இன்றும் அவைதான். நேரமும் மாறவில்லை: முன்பு 35 நிமிடத்தில் 20, இப்போது 21 நிமிடத்தில் 12, இரண்டிலும் ஒரு கணக்குக்கு 105 விநாடி. பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். முன்பு வைத்திருந்தவர் விடையைப் பேனாவில் சுழித்திருந்தால் விட்டுவிடுங்கள், பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம்.