தலைக்கு எத்தனை பவுண்டு என்று பார்க்கலாமா?

கேள்வி: பொதுக்கொள்கையில் முதுகலை படிக்கிறேன். பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளுக்கு உதவி நிதியை எந்த வரிசையில் ஒதுக்கலாம் என்று ஒரு குறிப்பு தயாரிக்க வேண்டும். தலைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் எந்தத் திட்டமும் தேறவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த அளவுகோலை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஏழை ஆப்பிரிக்க நாடான மலாவியோடு ஒப்பிட்டால், தென் அட்லாண்டிக்கில் உள்ள பிரிட்டனின் குட்டித் தீவான செயின்ட் ஹெலினா ஒருநாளும் தேறாது. ஒப்பிடும்படி சட்டமும் கேட்கவில்லை. பிரிட்டனின் 2002ஆம் ஆண்டு சர்வதேச வளர்ச்சிச் சட்டப்படி, வெளிநாடுகளுக்கான வளர்ச்சி உதவி வறுமையைக் குறைக்க வேண்டும். சொந்த ஆட்சிப்பகுதிகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. இறையாண்மை இல்லாத இந்தத் தீவுகள் உலக வங்கியில் உறுப்பினராகவும் முடியாது. பெரும்பாலும் கைகொடுப்பது லண்டன்தான்.

எனவே கேட்க வேண்டியது இதுதான்: இதைச் செய்யாமல் விட்டால் யார் ஊரைவிட்டுப் போவார்கள்? கரீபியன் தீவான மொன்செராட்டைப் பாருங்கள். 1995இல் எரிமலை வெடிக்கத் தொடங்கியது; 1997இல் தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் ஒண்டியிருந்த மக்களுக்கு நிலையான வீடுகள் தாமதமாயின. மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியேறியது. வரி கட்டுவோர் போன தீவின் பட்ஜெட்டை இன்றும் பிரிட்டன்தான் தாங்குகிறது. ஆகவே வீடும் மருத்துவமனையும் முதலில், சுற்றுலா பிறகு.

அடுத்தது போக்குவரத்து. செயின்ட் ஹெலினா விமான நிலையத்துக்கு 28.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். மக்கள் சுமார் 4,500 பேர். தலைக்கு 60,000 பவுண்டுக்கு மேல். 2016இல் திறக்கவிருந்த நேரத்தில், ஓடுபாதையை நெருங்கும் இடத்தில் காற்று திடீரென மாறுவது தெரிந்து வழக்கமான சேவை தள்ளிப்போனது. முதல் பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் திட்டமிட்டதைவிடச் சிறிய விமானத்தில். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சாடியது, சாடியது நியாயம்தான். ஆனால் விமான நிலையமே வீண் என்ற முடிவுக்குப் போகாதீர்கள். வழக்கமான சேவை தொடங்கும் முன்பே அவசர நோயாளிகளை விமானத்தில் கொண்டுபோக முடிந்தது. அதுவரை கேப் டவுனுக்குப் பல நாள் கப்பல் பயணம். தவறு, சுற்றுலா வருமானம் மானியத்தைத் தீர்த்துவிடும் என்று போட்ட கணக்கில். உங்கள் குறிப்பில் உயிர்காக்கும் பயனையும் வருமானப் பயனையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டாவது பொய்த்தாலும் திட்டம் நிற்குமா என்று பாருங்கள்.

கட்டிய பிறகு நடத்தும் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான குறிப்புகளில் இது விடுபடும்.

கடைசியாக, தகுதிப் பட்டியல். அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி பெற வருமான வரம்பு உண்டு; அதைத் தாண்டிய இடங்கள் பட்டியலில் வராது. 2017இல் இர்மா புயல் பிரிட்டனின் கரீபியன் தீவான அங்குவில்லாவைச் சிதைத்தபோது அந்தத் தீவு பட்டியலில் இல்லை. பிரிட்டன் வேறு நிதித் தலைப்பிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருந்தது. மொன்செராட், செயின்ட் ஹெலினா, பசிபிக் தீவான பிட்கேர்ன் பற்றி எழுதும்போது ஒவ்வொரு செலவும் எந்த நிதித் தலைப்பில் வரும் என்று எதிரே குறித்துவிடுங்கள்.