எதிர்க்கோரிக்கை போட்டால் சுருக்கத் தீர்ப்பு மனு நின்றுவிடுமா?

கேள்வி இது: "இயந்திரம் விற்றவர் பாக்கித் தொகை கேட்டு வணிக நீதிமன்றத்தில் என் மேல் வழக்குப் போட்டு, விசாரணையே வேண்டாம், சுருக்கத் தீர்ப்பு கொடுங்கள் என்று மனுவும் கொடுத்திருக்கிறார். அந்த இயந்திரத்தால் நஷ்டப்பட்டது நான். அந்த நஷ்டத்தை அவரிடமே கேட்டு எதிர்க்கோரிக்கை போட்டால் அவர் மனு தானாக விழுந்துவிடுமா?"

தானாக விழாது. உரிமையியல் வழக்குகள் நடத்தும் வக்கீலாகச் சொல்கிறேன், இந்த நம்பிக்கையோடு வரும் கட்சிக்காரர்கள் நிறையப் பேர்.

சுருக்கத் தீர்ப்பு என்பது 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த ஏற்பாடு, கட்டளை 13-ஏ. சாதாரண முன்சீப் கோர்ட் வழக்கில் இது கிடையாது. வழக்கின் மதிப்பு குறைந்தது 3 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் (2018 வரை 1 கோடி), தகராறும் வணிகத் தகராறாக இருக்க வேண்டும். நீதிபதி பார்ப்பது இரண்டு விஷயம். பிரதிவாதி ஜெயிக்க உண்மையான வாய்ப்பு ஏதாவது இருக்கிறதா? சாட்சி விசாரிக்காமல் முடிக்கக்கூடாது என்பதற்கு வேறு வலுவான காரணம் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்று பட்டால் அங்கேயே டிக்ரி, அதாவது பிரதிவாதிக்கு எதிராகத் தீர்ப்பு.

எதிர்க்கோரிக்கை என்பது சட்டத்தின் பார்வையில் தனி வழக்கு. கட்டளை 8, விதி 6-ஏ அதைப் பிராதுக்கு (வாதி தாக்கல் செய்யும் வழக்குரைக்கு) சமமாகத்தான் வைக்கிறது. கோர்ட் ஃபீயும் பிராதுக்குக் கட்டுவது போலவே கட்ட வேண்டும். ஆகவே "அவர் எனக்கு வேறொரு கணக்கில் தர வேண்டியது இருக்கிறது" என்று நீங்கள் போட்டால் நீதிபதி சொல்லக்கூடியது: "அது தனியாக நடக்கட்டும். இந்தப் பாக்கிக்கு என்ன பதில்?" அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அதே இயந்திரம், அதே ஒப்பந்தம், அதே பழுது என்றால் அது எதிர்க்கோரிக்கை மட்டுமில்லை, உங்கள் எதிர்வாதமும் அதுதான். எதிருரையில், அதாவது பிராதுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலில், இரண்டு இடத்திலும் வர வேண்டும். பலர் கோரிக்கைப் பகுதியில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பிராதின் பத்திகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் "மறுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாட்டுவது அங்கேதான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். என் கட்சிக்காரர் வாங்கிய பேக்கிங் இயந்திரத்துக்கு 18 லட்சம் பாக்கி. மூன்றாம் வாரமே உருளை சிக்கி நின்றது என்பது அவர் தரப்பு. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் வாட்ஸாப் பிரிண்ட் ஒன்றை நீட்டினார்: "சார் கொஞ்சம் பொறுங்க, அடுத்த மாசம் செட்டில் பண்ணிடுறேன்." பழுதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கட்சிக்காரர் என் காதருகே, "மரியாதைக்குச் சொன்னது சார்" என்றார். மரியாதைக்குச் சொன்னதைத்தான் சட்டம் ஒப்புதல் என்று படிக்கும்.

நீதிபதி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பழுதுன்னு முதல்முதல்ல எழுத்துல சொன்னது எப்போ?" அவர்கள் பாக்கி கேட்டு அனுப்பிய முதல் கடிதத்துக்கு ஒன்பது நாள் முன்னால் சர்வீஸ் பிரிவுக்குப் போன ஒரு மின்னஞ்சல் இருந்தது, சிக்கிய உருளையின் படத்தோடு. அது மட்டும் இல்லையென்றால் அன்றே டிக்ரி ஆகியிருக்கும். ஆனாலும் முழுதாகத் தப்பவில்லை. எதிர்வாதம் ஜெயிக்கலாம், ஆனால் ஜெயிப்பது சந்தேகம் என்று நீதிபதிக்குப் பட்டால் நிபந்தனை போட 13-ஏவின் விதி 7 இடம் தருகிறது. 6 லட்சத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வழக்கை நடத்துங்கள் என்று உத்தரவு வந்தது. கட்டத் தவறினால் நமக்கு எதிராகத் தீர்ப்பு. கட்சிக்காரர் முகம் சுண்டிவிட்டது. நான் அதை நல்ல உத்தரவு என்றுதான் நினைத்தேன்.

காலக்கெடு விஷயத்தில் கவனமாக இருங்கள். சுருக்கத் தீர்ப்பு மனுவுக்குப் பதில் போட 30 நாள். எதிருரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 120 வரை. வணிக வழக்கில் 120 தாண்டினால் அந்த உரிமையே போயிற்று, கெஞ்சினாலும் கிடைக்காது. எதிர்க்கோரிக்கையை எதிருரையோடு சேர்த்தே போடுங்கள். பிறகு போட நீதிமன்றம் விடலாம், ஆனால் எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள் என்று நீதிமன்றம் எழுதுவது) வரைந்தபின் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சுருக்கத் தீர்ப்பு மனு போடுவதற்கும் எழுவினாக்கள்தான் எல்லை.

காலவரையறைச் சட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நஷ்ட ஈட்டுக்குப் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. எதிர்க்கோரிக்கையை நீங்கள் கோர்ட்டில் போடும் நாள்தான் கணக்கு, வாதி வழக்குப் போட்ட நாள் அல்ல. கணக்குத் தெரிந்த தொகையை நேராக் கழித்துக்கொள்ளக் கேட்டால் (கட்டளை 8, விதி 6, ஈடு செய்தல்) வாதி வழக்குப் போட்ட நாளே உங்களுக்கும் நாள். வருடம் முடியப்போகிற நேரத்தில் இந்த வித்தியாசம் பல லட்சம் பெறும். இன்றே வக்கீலிடம் தேதிகளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுருக்கத் தீர்ப்பு வாதியின் ஏகபோகம் என்றும் நினைக்க வேண்டாம். 13-ஏவில் "கோரிக்கை" என்றால் எதிர்க்கோரிக்கையும் அடங்கும். உங்கள் ஆதாரம் அவ்வளவு திடமாக இருந்தால் நீங்களும் அதே மனுவைப் போடலாம். நஷ்டத்தொகையை நிரூபிக்க சாட்சி தேவைப்படும் என்பதால் நடைமுறையில் அது கஷ்டம்.

என் கட்சிக்காரர் விஷயம் எங்கே போனது என்று கேட்பீர்கள். 6 லட்சத்தைக் கட்டினார். கோர்ட் ஃபீ அதிகமாக வருகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே 25 லட்சத்துக்கு எதிர்க்கோரிக்கையும் போட்டோம். இயந்திரத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த ஆணையர் போய் அறிக்கை கொடுத்த பிறகு வாதி தரப்பில் வழக்கை வாபஸ் வாங்க மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். பிராது போனாலும் எதிர்க்கோரிக்கை நடக்கும் என்று கட்டளை 8-இல் விதி 6-டி இருக்கிறது. அதை அவர்கள் வக்கீல் அவர்களிடம் விளக்கிச் சொல்ல ஒரு வாய்தா ஆனது. அடுத்த வாய்தாவுக்குச் சமரசம் பேச வந்தார்கள்.