காத்திருக்கும் நாட்களில்

கேள்வி: சோதனைக் குழாய் முறையில் உருவான கருவைக் கருப்பையில் வைத்து ஆறு நாளாகிறது. படுக்கையை விட்டு எழவே பயமாக இருக்கிறது; மார்பு கனத்தால் நம்பிக்கை, கனம் குறைந்தால் அழுகை. மாமியார் தினமும் "ஏதும் விசேஷமா?" என்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: சகோதரி, எழுந்து நடப்பதால் கரு நழுவிவிடாது, படுத்தே கிடப்பதால் வெற்றி வாய்ப்பு கூடுவதும் இல்லை. கரு கருப்பையில் தங்க உதவுவதற்காக நீங்கள் எடுத்துக்கொள்ளும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தாலேயே மார்பு கனக்கும், வயிறு உப்பும் என்பதால், அவற்றை வைத்து எதையும் கணிக்காதீர்கள். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை அவசரப்பட்டுப் பிரிக்கவும் வேண்டாம், கருமுட்டை முதிர்வதற்கான ஹெச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், அந்த அட்டை கண்டறிவதும் அதே ஹார்மோனைத்தான் என்பதால், அதன் மிச்சமே இரண்டு கோடு காட்டிவிடக்கூடும். மருத்துவர் குறித்த நாளில், பெரும்பாலும் கருவை வைத்த 10 முதல் 14 நாட்களுக்குள், எடுக்கும் இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது. அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள். மாமியாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்கட்டும். அதையும் உங்கள் தோளில் ஏற்றுவது நியாயமே அல்ல.