இருவர் பேசும் ஒரு மொழி

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். என்னுடன் அறையில் இருப்பவர்களில் ஒருவர் கான்பூர்க்காரர், மற்றவர் கராச்சிக்காரர். இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் பேச வந்துவிட்டது. நான் பேசுவது இந்தி என்கிறார் ஒருவர், உருது என்கிறார் மற்றவர். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரிதான். டெல்லி, மீரட் வட்டாரப் பேச்சிலிருந்து வளர்ந்த ஒரே மொழி அது. இந்துஸ்தானி என்பார்கள்.

‘மேரா பாய் கல் சுபஹ் பாஜார் ஜாயேகா’ என்று அவர்களில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். என் தம்பி நாளைக் காலை கடைவீதிக்குப் போவான். இதில் சுபஹ் அரபுச் சொல், பாஜார் பாரசீகம், மற்றவை பிராகிருத வழி வந்தவை. நம் ஊரில் முஸ்லிம்களை அழைக்கும் ‘பாய்’கூட சமஸ்கிருத ‘பிராத்ரு’வின் வழித்தோன்றல்தான். பேசுகிறவர்கள் இந்தப் பூர்வீகத்தை நினைப்பதே இல்லை. வினைமுற்று, ஆண்பால், பெண்பால் எல்லாம் இருவருக்கும் ஒன்று.

செய்தி வாசிக்கத் தொடங்கினால்தான் பிரிகிறார்கள். பிரதமர் இந்தியில் ‘பிரதான் மந்திரி’, உருதுவில் ‘வஜீர்-எ-ஆஜம்’. ஐக்கிய நாடுகள் சபை ஒன்றில் ‘சம்யுக்த் ராஷ்ட்ர’, மற்றதில் ‘அக்வாம்-எ-முத்தஹிதா’. சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் இருவரும் இங்கே தடுமாறிப்போவார்கள்.

முன்பு பெயரில்கூட இவ்வளவு விலகல் இல்லை. பெரும் உருதுக் கவிஞர் காலிப்பின் உருதுக் கடிதங்கள் 1868இல் ‘ஊத்-எ-ஹிந்தி’ என்ற தலைப்பில்தான் தொகுப்பாக வந்தன. நீதிமன்றத்தில் எந்த எழுத்து, அரசு வேலை யாருக்கு என்ற போட்டி முற்றியதும் ஒரு பக்கம் சமஸ்கிருதத்தையும் மறுபக்கம் பாரசீகம், அரபியையும் அள்ளிக் கொட்டினார்கள். காந்தி தேவநாகரி, உருது என இரு எழுத்திலும் எழுதப்படும் இந்துஸ்தானியைக் கேட்டார். அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு தேவநாகரி இந்தியை ஆட்சிமொழியாக்கியது. இந்துஸ்தானியின் பெயர் 351ஆவது பிரிவில் வந்துபோகிறது, அவ்வளவுதான். கோடிக்கணக்கானோர் வாயில் இருக்கும் மொழிக்கு இவ்வளவு சிறிய இடம் கிடைத்ததில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

கான்பூர்க்காரரிடம் தேவநாகரியும் கராச்சிக்காரரிடம் உருது எழுத்தும் கற்றுக்கொள்ளுங்கள். உருதுவில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை, தொடக்கத்தில் திணறுவீர்கள். ஆனால் சொல் ஏற்கெனவே காதில் இருப்பதால், விட்டுப்போன ஒலியை நீங்களே நிரப்பி வாசித்துவிடுவீர்கள்.