இரண்டு ஸ்விட்சுகளுக்கிடையே ட்ரங்க் ஏன் உருவாகவில்லை?

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) பயிற்சிக்காக இரண்டு சிஸ்கோ 2960 ஸ்விட்சுகளை இணைத்தும், விலான் 20-இல் (விலான் என்பது ஸ்விட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி வலையமைப்பு) உள்ள கணினிகள் ஒரே ஸ்விட்சுக்குள் மட்டுமே பிங் ஆகின்றன, மறுபக்கத்தை எட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வகை ஸ்விட்சின் போர்ட்டுகள் இயல்பாகவே ‘டைனமிக் ஆட்டோ’ நிலையில் இருப்பதால், மறுமுனை முதலில் கேட்கட்டும் என்று இரண்டும் காத்திருக்க, இணைப்பு பல விலான்களைக் கடத்தும் ட்ரங்காக மாறாமல், விலான் 1-ஐ மட்டும் கடத்தும் சாதாரண அக்சஸ் போர்ட்டாகவே நின்றுவிடுகிறது. இரு முனைகளிலும் ‘ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்’ என்று கொடுங்கள். 3560 போன்ற, ஐஎஸ்எல் என்ற சிஸ்கோவின் பழைய ட்ரங்க் முறையையும் அறிந்த ஸ்விட்சாக இருந்தால், அதற்கு முன்பே ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் என்கேப்சுலேஷன் டாட்1கியூ’ என்று கொடுக்காவிட்டால் ‘மோட் ட்ரங்க்’ கட்டளை மறுக்கப்படும்.

பிறகு ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ என்று தட்டிப் பாருங்கள். ட்ரங்க் உருவாகாதவரை அது எதையுமே காட்டாது. விலான் 20 இரு ஸ்விட்சுகளிலும் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும்.

என் ஒரு மாலைப்பொழுதையே விழுங்கிய தவறு வேறு: 10, 20 ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்த ட்ரங்கில் ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30’ என்று கொடுத்தேன், பழைய பட்டியல் அழிந்து 30 மட்டுமே எஞ்சியது. சேர்ப்பதற்கு ‘அலவ்ட் விலான் ஆட் 30’ என்றே எழுத வேண்டும்.

802.1கியூ (மேலே ‘டாட்1கியூ’ என்ற ட்ரங்க் முறை) ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது தரவுத் துண்டிலும், அது எந்த விலானுடையது என்று காட்டும் 4 பைட் அடையாளத்தைச் செருகுகிறது. நேட்டிவ் விலானின் ஃபிரேம்கள் மட்டும் இயல்பாக அடையாளமின்றிச் செல்வதால், அந்த எண் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.