வாங்குவோர் கேள்வி-பதில்: எரியாத விளக்கை நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் பழைய ஒஸ்ரின் ஏ 40 கார் சந்தியில் நிற்கும்போது, பற்றரி ஏறாததைக் காட்டும் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது. அக்சிலேற்றரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. புது டைனமோ வாங்கச் சொல்கிறார்கள். (மானிப்பாய்)

பதில்: வாங்க வேண்டாம். பற்றரியை ஏற்றும் டைனமோ மெதுவாகச் சுற்றும்போது அப்படித்தான் இருக்கும். வேகமாக ஓடும்போதும் எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு கார்பன் பிரஷ்ஷை.

கேள்வி: மொறிஸ் மைனர் 1000 ஒன்றை வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது டாஷ்போட்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. நல்ல வண்டி என்று நம்பினேன். இரண்டாவது வாரம் எஞ்சினில் தட்டுச் சத்தம். ஒயில் விளக்கில் பல்ப்பே இல்லை என்கிறார் மெக்கானிக். யாரிடம் முறையிடுவது? (கொக்குவில்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பல்ப் தானாகக் கழன்று ஓடிப்போவதில்லை. விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். தனியாளிடம் வாங்கியிருந்தால் மத்தியஸ்த சபையை நாடலாம். பல்ப் இல்லாததை மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். புதுப் பல்ப் போடும் முன் படம் எடுத்து வையுங்கள்.

மற்றவர்களும் கேளுங்கள், ஏனென்றால் இந்த மோசடியைக் கண்டால் எனக்கு ஆத்திரம் பொறுப்பதில்லை. பழுதைத் திருத்தப் பணம் வேண்டும். பழுதைச் சொல்லும் விளக்கைக் கழற்ற ஒரு விரல் போதும். யாழ்ப்பாணத்து வண்டிகளில் பல, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயிலில் பெயரிங்குகள் தேயும், தேய்ந்தால் ஒயில் அழுத்தம் விழும். அதைச் சொல்ல இருப்பது அந்த ஒரு விளக்குத்தான். விற்பவருக்குப் பிடிக்காததும் அதுதான்.

வாங்கப் போனால் சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் நிறுத்துங்கள். சார்ஜ் விளக்கும் ஒயில் விளக்கும் அப்போது எரிய வேண்டும். எஞ்சின் ஓடியபின் அணைய வேண்டும். ஒயில் விளக்கு முதலிலேயே எரியாவிட்டால், ஒயில் அழுத்தத்தைப் பொறுத்து அந்த விளக்கை ஏற்றி அணைக்கும் ஒயில் சுவிற்சின் வயரைக் கழற்றி எஞ்சினின் வெற்று இரும்பில் தொடுங்கள். எரிந்தால் சுவிற்ச் பழுது. எரியாவிட்டால் பல்ப் இல்லை, அல்லது பல்ப் பழுது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. இன்னும் கெட்டிக்காரர்கள் ஒயில் விளக்கின் வயரைச் சார்ஜ் விளக்கோடு இணைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும், உங்களுக்கும் மனம் நிறைந்துவிடும். எஞ்சின் நிற்கும்போது சுவிற்சின் வயரைக் கழற்றி எங்கும் படாமல் பிடியுங்கள். ஒயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஒயில் சுவிற்சையும் பார்த்து வாங்குங்கள். "அசல் இங்கிலாந்து" என்று அச்சடித்த பெட்டியில் நான் வாங்கிய ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் மரை எஞ்சினில் ஏறவே இல்லை. பற்றுச்சீட்டு கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை என்று மேலே சொன்ன அதே நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

கேள்வி: டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பான் ஓல்ரனேற்றர் போட்டேன், நன்றாக வேலை செய்தது. அழகுக்காக டாஷ்போட் முழுவதும் எல்ஈடி பல்ப் மாற்றினேன். இப்போது பற்றரி ஏறுவதில்லை. ஓல்ரனேற்றர் விற்ற கடை மாற்றித் தர மறுக்கிறது. (பருத்தித்துறை)

பதில்: கடைக்காரர் பக்கமே நியாயம். ஓல்ரனேற்றரைத் தொடக்கிவிடுவது சார்ஜ் விளக்கின் வழியே போகும் மின்னோட்டம். எல்ஈடி அவ்வளவை விடாது. அந்த ஓர் இடத்தில் பழைய 12 வோல்ட், 2.2 வாட் திருகு பல்ப்பைத் திரும்பப் போடுங்கள். 987 என்று இலக்கம் சொல்லிக் கேளுங்கள். பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்த பழைய வண்டி வைத்திருப்போர், சாதாரண எல்ஈடி அங்கே எரியாமல் போகலாம் என்பதையும் காசு கொடுக்கும் முன் நினைக்கட்டும்.

கேள்வி: ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வண்டி. பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாக மேலே ஏறி நிற்கின்றன. இரண்டு மீற்றரையும் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடவா? (சாவகச்சேரி)

பதில்: இரண்டு மீற்றரும் ஒரே நாளில் பழுதாகுமா? இரண்டு மீற்றருக்கும் சீரான மின்சாரம் கொடுக்கும் வோல்ட் நிலைப்படுத்தி உங்கள் வண்டியில் இருந்தால், அது வண்டியின் உடலோடு இணையும் இடத்தை, அதாவது எர்த்தை, சுரண்டித் துப்புரவாக்குங்கள். பிறகும் முள் இறங்காவிட்டால் நிலைப்படுத்தியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். ஊரில் பழைய ஒஸ்ரின் ஒன்றைப் படத்தில் பார்த்து முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். பெரிய விளக்கைப் போட்டால் டாஷ்போட் விளக்கெல்லாம் மங்கலாக எரிகிறதாம். சின்ன எர்த் பழுது என்கிறார் விற்றவர். பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி இலக்கம் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கம்) வண்டியில் இல்லை என்று தம்பி சொல்கிறான்.

பதில்: முழுப் பணமுமா? ஒரு சேலை வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம், காருக்கு ஒரு படம் போதுமா?

விளக்குப் பழுது எர்த்தாகவே இருக்கலாம். ஆனால் தம்பி டாஷ்போட்டின் பின்புறத்தையும் பார்க்கட்டும். பிரித்தானிய வயரிங்கில் கறுப்பு எர்த், மண்ணிறம் பற்றரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது. தடைக் காலத்தில் கிடைத்த வயரால் ஒட்டுப்போட்ட வண்டியில் நிறத்தை நம்ப முடியாது, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

சசி இலக்கம் விளக்கைவிடப் பெரிய விஷயம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை விசாரிக்கும் வரை தம்பி எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்கக்கூடாது. எர்த் பழுது அவ்வளவு சின்னது என்றால், விற்றவர் பணம் வாங்கும் முன்பே திருத்தியிருக்கலாமே என்று அவரிடம் கேளுங்கள்.